என் வண்டிக்கு மூணு சாக்கெட்

"சாக்கெட் செட்டை முழுசாவே தூக்கிட்டுப் போயேன்" என்றான் அண்ணன்.

"அந்தப் பெட்டி பொணக்கனம் கனக்குதுண்ணே. என் வண்டி நட்டுக்கெல்லாம் எட்டு, பத்து, பதிமூணு எம்எம் இருந்தாப் போதும்."

நட்டு முடுக்கும் அந்த மூன்று சாக்கெட்டுகளையும், அவற்றை மாட்டித் திருகும் ராட்செட் கைப்பிடியையும் துணியில் சுற்றிச் சின்னப் பைக்குள் வைத்தாள் தங்கை.

"வழியில மக்கர் பண்ணினா ஒரு போன் போடு. பறந்து வந்துடறேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னே. நட்டு கழண்டு நடுரோட்டுல ரெண்டு மணி நேரம் நின்னேன். போறவங்க வர்றவங்க எல்லாம் 'ஐயோ பாவம்'னு உச்சுக்கொட்டினாங்க. இனிமே நானே முடுக்கிக்கறேன்."

"வேலைக்குச் சேர்ற முதல் நாள். இன்னைக்கு மட்டும் பின்னாடி பிடிச்சுக்கறேனே?"

"கையை எடுண்ணே."

அண்ணன் எடுத்தான்.

பையை மடியில் இருத்தி, இரண்டு கைகளாலும் சக்கரங்களை அழுத்தி உருட்டினாள். அவளுடைய சக்கர நாற்காலி தெருவில் இறங்கியது.