212ஆம் பக்கத்துக் கண்ணீர்

யார் என்ன படிக்கிறார், எந்தப் பக்கத்தில் அழுதார் என்பதெல்லாம் எங்கள் அடுக்ககத்தில் அவரவர் வாசற்கதவில் உள்ள திரையிலேயே ஓடும். அடுக்ககச் சங்கச் செயலாளர் சபேசனின் கதவைப் பார்த்துத்தான் மற்றவர்கள் புத்தகமே வாங்குவார்கள். ஆனால் படிப்பதையும் அழுவதையும் கணக்கெடுத்துக் கதவுக்கு அனுப்பும் அவருடைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து படிப்பவள், அவர் சம்பளத்துக்கு வைத்திருக்கும் தவமணி. இது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது.

நேற்று கதவைப் பார்த்த மனைவி கோமளா கண்கலங்கினாள். "212ஆம் பக்கத்துல அழுதிருக்கீங்களே! நானும் படிச்சேன். இருபது வருஷம் கழிச்சாவது உறைச்சுதே. சொல்லுங்க, கேக்குறேன்."

சபேசன் அலுவலகத்துக்கு ஓடினார். "அந்தப் பக்கத்துல என்னம்மா இருக்கு?"

"பொண்டாட்டிய அடிச்சவன் அவகிட்ட மன்னிப்புக் கேக்குறான் சார்."

சபேசன் சொன்னார்: "கண்ணாடியக் கழட்டாத. அப்படியே எங்க வீட்டுக்குப் போய் அந்த மன்னிப்பையும் நீயே கேட்டுட்டு வந்துடு."