மேல்வீட்டு ரேடியோ

"சன்னமா வெச்சாலும் தெளிவாக் கேக்கோணுங்க. அதுதான் முக்கியம்" என்று கடைக்காரரிடம் மறுபடியும் சொன்னார் கிருபாசங்கர்.

கடைக்காரர் பிளாஸ்டிக் ரேடியோவை ஒதுக்கிவிட்டு, மரப்பெட்டி வைத்த ஒன்றை மேசைமேல் எடுத்து வைத்தார். மரம் என்றால்தான் குரல் கரகரக்காமல் வரும் என்றார்.

காசு கொடுக்கப் போவது கிருபாசங்கர். ரேடியோ போகப் போவது அவர் வீட்டு மாடிக்கு. அங்கே குடியிருக்கும் தமிழ்ச்செல்வன், பீளமேட்டில் காலேஜ் வாத்தியார், பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தார். கிருபாசங்கரின் மனைவி லோகப்பிரியாவும் வந்திருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே சேலை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறிவிட்டாள்.

தமிழ்ச்செல்வனிடம் இருந்தது அவர் அப்பா விட்டுப்போன பழைய வால்வு ரேடியோ. அப்பா போத்தனூரில் ரயில்வே வேலை பார்த்தவர். அந்த ரேடியோ இருக்கிறதே, கிருபாசங்கருக்கு அது ஜென்ம விரோதி. பட்டறையிலிருந்து வந்து, சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, வீட்டுக் குறைகளை லோகப்பிரியாவிடம் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தால் போதும், மேலே அலறத் தொடங்கிவிடும்.

நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் குடியிருக்கிறவரைக் கூப்பிட்டு, சத்தத்தைக் குறையுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு வராது. பால்காரரைக்கூட 'வாங்க, போங்க' என்று பேசுகிற மனுஷன். சொல்லிவிடுவது என்றுதான் மாடிப்படி ஏறுவார். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுவிட்டு இறங்கி வருவார்.

மகள் வர்ஷினிக்கு வரன் கூடி வந்தபிறகு பொறுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் தெருவில் விசாரித்திருக்கிறார்கள். "தங்கமான குடும்பமுங்க. மேல்வீட்டு ரேடியோவத் தவிர அந்த ஊட்டுல ஒரு சத்தங் கேக்காதுங்க" என்று எதிர்வீட்டில் சொன்னார்களாம். தரகர் வந்து சொன்னபோது கிருபாசங்கருக்குத் தலைகால் புரியவில்லை. நிச்சயதார்த்தத்துக்குள் அந்த ரேடியோவையும் அடக்கிவிட்டால் ஒரு குறைச்சொல் இருக்காது.

அதற்குத்தான் இந்தப் பரிசு. கல்யாணம் கூடி வந்த சந்தோஷத்துக்கு நல்லதாக ஒரு ரேடியோ என்று சொல்லி அழைத்தார். தமிழ்ச்செல்வன் கூச்சப்பட்டுக் கும்பிட்டபோது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இப்படி நல்ல மனுஷனிடம் பொய் சொல்கிறோமே என்று.

"ஹெட்போன் மாட்டற வசதியும் இருக்குதுங்க" என்று கிருபாசங்கர் வாஞ்சையோடு தொட்டுக் காட்டினார். "நீங்க பாட்டுக்கு நிம்மதியாக் கேக்கலாம்."

தமிழ்ச்செல்வன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கடைக்காரரிடம் தணிந்த குரலில் கேட்டார்:

"சுவிட்ச் போட்டதும் உடனே பாடுமுங்களா? எங்களுது வால்வு சூடேறிப் பாடறதுக்குக் கொஞ்ச நேரம் ஆயிருதுங்க. அதுக்குள்ள..."

நிறுத்திக்கொண்டார்.

"அதுக்குள்ள நியூஸ் முடிஞ்சுருதுங்களா?" கிருபாசங்கர் சிரித்தார். "ஏனுங்க, அப்படி என்னதான் விரும்பிக் கேப்பீங்க?"

பாடம் படிக்காமல் வந்து மாட்டிக்கொண்ட மாணவன் மாதிரி முழித்தார் வாத்தியார். ஒரு ஸ்டேஷன் பெயர்கூட அவர் வாயில் வரவில்லை.

"எது வந்தாலும் செரிங்க" என்றார், தரையைப் பார்த்து.

கிருபாசங்கரின் சிரிப்பு பாதியில் நின்றது.

போன வாரம் அவர் கொடுமுடிக்குப் போய் ஓர் இரவு தங்கியிருந்தார். திரும்பி வந்ததும் முதல் கேள்வியாக, நேற்றும் அலறிற்றா என்று லோகப்பிரியாவிடம் கேட்டார். "இல்லீங்க. நேத்து ஒரு சத்தமும் இல்லீங்க" என்றாள். நான் வீட்டில் இருந்தால்தான் அந்த வாத்தியாருக்குக் கொழுப்பு என்று அதற்கும் அவளிடம்தான் கத்தினார். கத்தி முடிப்பதற்குள் மேலே ரேடியோ பாடியது.

காது மடல் இரண்டும் பற்றி எரிந்தன. தெரு கொடுத்த நல்ல பெயர் அவருடையது இல்லை. இந்த வாத்தியார் தினமும் சாயங்காலம் குமிழைத் திருகித் திருகிச் சேர்த்துக் கொடுத்தது. வால்வு சூடாகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் தன்னுடைய எந்தெந்த வார்த்தைகள் மாடி ஏறியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். ஒன்றுவிடாமல் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றைக் கேட்டுவிட்டுத்தான் இவர் காலையில் படியிறங்கும்போது வணக்கம் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். போட்டதும் பாடியது. சன்னமான குரல், கிருபாசங்கர் கேட்டபடியே அத்தனை தெளிவு.

தமிழ்ச்செல்வன் கடை வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அதுவரை எதையும் தொடாமல் நின்ற லோகப்பிரியா கையை நீட்டினாள். குமிழைப் பிடித்து, அது நிற்கிற மட்டும் திருப்பினாள். கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் கணவன் முகத்தைப் பார்க்கவில்லை. சற்று நேரம் காதுகொடுத்துக் கேட்டாள். பிறகு கடைக்காரரிடம் கேட்டாள்:

"இதுக்கு மேல வராதுங்களா?"