மல்லாட்டைச் செடியின் கழுத்து

"கழுத்துக்கு மேல இருந்தாத்தான் என்னுது" என்றார் பேராசிரியர் தேவேந்திரன்.

மேசையில் விரித்த செய்தித்தாளின்மேல் ஒரு மல்லாட்டைச் செடி, நிலக்கடலைதான், கிடந்தது. வேரில் மண். இலைகள் தொங்கிவிட்டன. தண்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தில், அதாவது கழுத்தில், கரிப்பொடி அப்பியதுபோலக் கறுப்பு.

செடியைக் கொண்டுவந்தவள் எதிரே நின்றாள். அனந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி செஞ்சியில் இறங்கி, பல்கலைக்கழக மையத்துக்கு வெயிலில் நடந்து வந்திருந்தாள்.

விதைத்துப் பதினெட்டு நாள். முக்கால் ஏக்கரில் பாதிக்குமேல் இப்படித்தான் சாய்ந்து கிடந்தது.

தண்ணீர் அதிகமாக விட்டிருப்பாய் என்றார் விதைக் கடைக்காரர். விதையில் வந்த நோய்தான் என்று பேராசிரியர் யாராவது லெட்டர்பேடில் எழுதித் தந்தால், மாற்று விதை தருவதாகச் சொன்னார். மறுபடி விதைக்க நிலத்தில் ஈரம் ஞாயிறு வரைதான் நிற்கும். இன்று வெள்ளி.

உயிரியல் துறை வாசலில் ஒரு பலகை. பேராசிரியர் பெயர், எதிரே அவருடைய ஆராய்ச்சி ஆர்வம். அவள் வரிசையாகப் போனாள்.

முதல் அறை, கடற்பாசி. "என் செடிக்கு வேரே கிடையாதேம்மா" என்று அவர் வருத்தப்பட்டார். அவருடைய கடலுக்கு இங்கிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும்.

இரண்டாம் அறை, மரபணு. அவர் செடியைத் தொடவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்.

மூன்றாவது தேவேந்திரன். நிலக்கடலை இலை நோய்கள். முப்பத்திரண்டு கட்டுரைகள். லென்ஸை வைத்துப் பார்த்தவர் முகம் விழுந்தது.

"கீழ போனா வீரமணி சாரோடது."

எதிர் அறையிலிருந்து வீரமணி வந்தார். நிலக்கடலை வேர் நோய்கள். அவர் ஸ்கேல் வைத்து அளந்தார். கறுப்பு, மண்மட்டத்துக்கு மேலே எட்டு மில்லிமீட்டர். கீழே எட்டு மில்லிமீட்டர்.

"சரிபாதி இருக்குது சார். நான் எழுதுனா நீங்க சண்டைக்கு வருவீங்க."

"நான் எழுதுனா நீங்க மட்டும் சும்மா வுட்ருவீங்களா?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள். நோய் கொஞ்சம் தள்ளி வந்திருக்கக் கூடாதா என்பதுபோல.

வீரமணி தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, நிறுத்தி நிறுத்தி விளக்கினார். "செடிக்கும்... நம்மளாட்டம்... கழுத்து இருக்குதும்மா."

அவள் தலையாட்டினாள்.

"முன்னாடியே யாராச்சும் இத எழுதியிருந்தா போதுமா சார்?"

தேவேந்திரன் நிமிர்ந்தார். "போதுமே. அவங்க சொன்னதா எழுதிடலாம். தப்பா போனா அவங்க பாத்துக்குவாங்க."

அலமாரியில் பழைய மாணவர்களின் ஆய்வேடுகள் இருந்தன. வீரமணி தூசி தட்டித் தட்டி எடுத்தார். கடைசி வரிசையில் கிடைத்தது. செஞ்சி வட்டார நிலக்கடலையில் கழுத்தழுகல்: விதைவழிப் பரவல். ஒன்பது வருடம் பழையது.

"சார், இதுக்கு வழிகாட்டியே நீங்கதான்!"

"எவ்வளவோ பேர் வர்றாங்க, போறாங்க."

தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஸ்கேலை உள்ளே விட்டுப் பிரித்தார்கள்.

தேவேந்திரன் லெட்டர்பேடை எடுத்து எழுதினார். ஆய்வாளர் க. மஞ்சு ஐயத்துக்கு இடமின்றி நிறுவியுள்ளபடி, கீழ்க்கண்டவரின் வயலில் உள்ள நோய் விதையிலிருந்தே வந்தது. கையெழுத்து. முத்திரை. வீரமணியும் ஓரமாக ஒரு கையெழுத்துப் போட்டார்.

"நிலம் யாருதுன்னு போடணும். உன் பேரு இன்னாம்மா?"

"மஞ்சு. நைனா பேரு கன்னியப்பன்."

காலியாக விட்டிருந்த இடத்தில் க. மஞ்சு என்று எழுதினார். மை காய ஊதினார். பிறகு பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்து போடத் தெரியுமா, இல்ல மை டப்பா எடுக்கவா?"

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.