அவளுக்கு ஓட்டுப் போடாதீங்க

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் சாப்பாட்டு நேரம். சூப்பர்வைசரின் கைப்பேசியில் ஓடிய ரியாலிட்டி ஷோவில் போட்டியாளர் பெண் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்.

"ராட்சசி! சாப்பாட்டுத் தட்டை எப்படி வீசறா பாருங்க!" என்றாள் துணி மடிப்பவள்.

"வாய்க்கொழுப்பு அடங்குதா பாரேன்! இந்த வாரமும் மறக்காம அவளுக்கே ஓட்டுப் போடுங்கடி. அவ போயிட்டா ஷோவுல என்ன இருக்கு?" என்றாள் சூப்பர்வைசர்.

புதிதாகச் சேர்ந்திருந்த இஸ்திரி போடும் அக்கா சோற்றில் கை வைக்கவில்லை.

"வேண்டாம்மா. அவளுக்கு ஓட்டுப் போடாதீங்க."

"போன வாரமும் இதையே சொன்னீங்க. அந்தப் பொண்ணு மேல அப்படி என்னக்கா ஆத்திரம்?" என்றாள் சூப்பர்வைசர்.

"அவ தோத்துடணும்னு தினமும் சாமியை வேண்டிக்கறேன்."

"அடப்பாவமே! அவளைப் பெத்தவ காதுல விழுந்தா வயிறு எரியாதா?"

"எரியுதும்மா" என்றாள் அக்கா. "சின்ன வயசுலேர்ந்தே பயந்தா இப்படித்தான் கத்துவா. என் பொண்ணு வீட்டுக்கு வந்துட்டாப் போதும்."

சூப்பர்வைசர் கைப்பேசியை அணைத்துவிட்டு, தன் டப்பாவிலிருந்த பொரியலை அக்காவின் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடுங்கக்கா."

அந்த வாரம் சலவைக்கூடத்திலிருந்து ஒரு ஓட்டுகூடப் போகவில்லை. அப்படியும் ஊரே திட்டித் தீர்த்துக்கொண்டே அந்தப் பெண்ணை முதலிடத்தில் நிறுத்தி வைத்தது.