கமலவேணியின் டின்

கலியாணசுந்தரம் பால் டின்னைக் கவிழ்த்தார். மேசையில் ஒரே ஒரு விதை விழுந்து உருண்டது.

டின்னின் அடியை இரண்டு தட்டு தட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார். வேறு இல்லை.

காஜா பெராங் வாசகசாலைக்குள் அத்தனை பேர் நின்றிருந்தோம். 

விடிந்தால் மெர்டேக்கா, சுதந்திர நாள். எங்கள் வட்டாரத்து லாரி ஊர்வலத்தில் பண்டார் ஹிலிர் வரை போகிறது. அதன் முகப்பில் யார் வரைந்த படத்தை மாட்டுவது என்று முடிவு செய்யத்தான் இத்தனை ஏற்பாடும். சுவரில் ஏழு படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு டின். வாசலில் கூடை நிறைய சாகா மரத்து விதை, பளபளவென்று முழுச் சிவப்பு. ஆளுக்கு ஒன்று எடுத்து, பிடித்த படத்தின் டின்னில் போட வேண்டும்.

வரைந்தவர்களுக்கு மட்டும் விதை கிடையாது. அது செயலாளர் கலியாணசுந்தரம் போட்ட சட்டம்.

கமலவேணி வரைந்தது எங்கள் தெருக் குழாயடியை. மஞ்சளுக்கு மஞ்சள் தூள், தண்ணீருக்குத் துணிக்குப் போடும் நீலம். நீலம் நான் கொடுத்தது. பத்து நாள் அவள் வீட்டுச் சோறு அடிப்பிடித்த வாசனை என் வீட்டு ஜன்னல் வரை வந்தது.

ஒரு வாரமாக அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம். மற்ற ஆறையும் வெறும் சுவர் மாதிரி தாண்டிப் போனார்கள்.

எதிர்வீட்டுப் பாக்கியலட்சுமி மூன்று தடவை வந்து பார்த்தாள். படத்தில் அவள் யாருடைய குடத்தையோ காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். கமலவேணியின் புருஷன் சேதுபதி பெண்கள் வரிசையில், இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தார். நிஜத்திலும் அப்படித்தான். விடிவதற்கு முன்னால் வந்து பிடித்துக்கொண்டு போவார். ஒருவருக்கும் தெரியாது என்று அவருக்கு நினைப்பு.

நானும் இருந்தேன். என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. என் வாய் மூடவில்லை.

எல்லோரும் மற்றவர்களைக் காட்டிக் காட்டிச் சிரித்தோம். போகும்போது எல்லோரும் அவளிடம், "உனக்குத்தான் வேணி, போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனோம்.

அவளும் நம்பினாள். லாரி முகப்பை முழம் போட்டு அளந்துவிட்டுக்கூட வந்திருந்தாள்.

தையற்கடைக் கருணாகரனின் டின்னில் அறுபத்திரண்டு விதை. காலண்டரைப் பார்த்து வரைந்த மயில். அதற்கு மூன்று கால் இருக்கிறது என்று நான் முதல் நாளே சொன்னேன்.

கமலவேணி அந்த ஒற்றை விதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது நான் போட்டது, வேணி," என்றார் சேதுபதி. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. டின்னைப் பார்த்துச் சொன்னார்.

"அண்ணே, பொய் சொல்லாதீங்க லா! அது என்னோடது," என்றாள் பாக்கியலட்சுமி.

என் வாய் சும்மா இருக்குமா?

"ரெண்டு பேரும் விடுங்க. போட்டவ நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்."

அதற்குள் பின்னாலிருந்து இன்னும் நாலு கை உயர்ந்தது. ஒரு விதைக்கு ஏழு சொந்தக்காரர்கள்.

விதையின் ஒரு பக்கம் கறுப்பாக ஏதோ இருந்தது. மை பட்டிருக்கும் என்று நினைத்தேன். கலியாணசுந்தரத்தின் விரல் என்றைக்கு மையில்லாமல் இருந்தது?

"அண்ணே, அத எங்கிட்ட குடுங்க," என்று கையை நீட்டினாள் கமலவேணி.

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். படத்தைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. புருஷனுக்காகவும் நிற்கவில்லை. நடந்துவிட்டாள்.

ஆறுதல் சொல்ல நான் பின்னாலேயே போனேன். ஆறுதல் சொல்லத்தான். வேடிக்கை பார்க்கப் போனேன் என்று பாக்கியலட்சுமி சொல்லிக்கொண்டு திரிவது அபாண்டம்.

கமலவேணி தன் வீட்டுச் சாமி மேடை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம்தான் சதுர்த்தி. அவள் கையாலேயே பிடித்த களிமண் பிள்ளையார் இன்னும் ஆற்றுக்குப் போகவில்லை.

என்னுடைய விதை மயிலின் டின்னில் கிடந்தது. என் தீபாவளி ரவிக்கை கருணாகரன் கடையில் வெட்டாமல் கிடக்கிறது. நான் என்ன செய்ய? ஆனால் அது எனக்கும் கருணாகரனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்தத் தைரியத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மத்தவங்கள விடு வேணி. உன் புருஷனையும் விடு. நான் போட்டது நெசம். வேணும்னா இந்தப் பிள்ளையார் மேல..."

நீட்டிய கை அப்படியே நின்றது.

பிள்ளையாருக்கு ஒரு கண்தான் இருந்தது. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குண்டுமணி. மற்றக் கண் இருந்த இடத்தில் வெறும் குழி.

கமலவேணி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்கக்கா," என்றாள். "ரெண்டு கண்ணாலயும் பாக்கட்டும். அப்புறம் சத்தியம் பண்ணுங்க."