இடது கட்டைவிரல்

கல்லூரி வாசலில் இருந்த மெஷின் அம்மாவை உள்ளே விட மாட்டேன் என்றது.

வெளியாட்கள் விரலைப் பதித்தால்தான் சீட்டு வரும். வலது கட்டைவிரலை வைத்தாள், சிவப்பு விளக்கு. இடதை வைத்தாள், மறுபடியும் சிவப்பு. முந்தானையில் அழுத்தித் துடைத்துவிட்டு வைத்தாள். மெஷின் ஒரே பிடியாக நின்றது.

“காலங்காத்தால மெஷினைக் கெடுத்துட்டீங்களேம்மா” என்று அலுத்துக்கொண்ட காவலாளி, பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு அனுப்பினார்.

மகள் சிரித்தாள்.

“இங்க மானம் போகுது, உனக்குச் சிரிப்பு வருதாடி?”

“ஆமாம்மா. நேரமாச்சு, வா.”

கலையும் சட்டமும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பில் இன்றைக்குக் கடைசிச் செய்முறைத் தேர்வு. வகுப்பறைதான் நீதிமன்றம், மர மேசைதான் கூண்டு. முடிந்துபோன ஏதாவது ஒரு வழக்கிலிருந்து ஓர் ஆவணத்தை எடுத்துவந்து, சாட்சியை விசாரித்து, அந்த ஆவணம் நிற்குமா விழுமா என்று காட்ட வேண்டும். வெளியிலிருந்தும் ஒரு சாட்சியைக் கூட்டி வரலாம். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப மூலையில் கேமரா ஓடும்.

வகுப்பில் அவளுக்கு ஜல்லி என்று பெயர். சேர்ந்த அன்று, அப்பாவின் தொழில் என்ற கட்டத்தில் ‘கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர், உயிரோடு இல்லை’ என்று எழுதியதில் ஒட்டிக்கொண்டது. அவளும் உதறவில்லை.

கல் உடைக்கும் மெஷினின் பெல்ட் அப்பாவை இழுத்துக்கொண்டபோது அவளுக்குப் பதினோரு வயது. ‘என் கணவர் குடித்துவிட்டு, வேலையில்லாத நாளில் தானாகப் போய்க் கையை விட்டார்’ என்று ஒரு வாக்குமூலம் நீதிமன்றத்துக்குப் போனது. கீழே அம்மாவின் பெயர். பெயருக்கு மேல் இடது கட்டைவிரல் கைநாட்டு. வழக்கு அன்றோடு படுத்துவிட்டது.

நான் எந்தக் காகிதத்தையும் தொடவில்லை என்று அம்மா அடித்துக்கொண்டு அழுதாள். யார் கேட்டார்கள்? புருஷனைக் கைநாட்டு வைத்து விற்றவள் என்று சித்தப்பா வாசலோடு திருப்பி அனுப்பினார். உள்ளதைச் சொன்னால், மகளுக்கே பாதிச் சந்தேகம் இருந்தது.

சட்டம் படிக்க வந்தவளுக்குச் சரித்திரம் எதற்கு என்றுதான் அவளும் முணுமுணுத்திருந்தாள். ஆனால் சரித்திரம் எடுத்த டீச்சர் ஒன்று சொல்வார்: ஏட்டில் எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன்னால், ஏட்டைப் பார்.

மூன்றாம் வருடம் மனுப் போட்டு, நீதிமன்றப் பதிவறையில் அந்த வாக்குமூலத்தைப் பார்த்தாள். எழுத்தை அல்ல, ஏட்டை. நகலும் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏன் என்று சொல்லவில்லை.

அன்றே ஒரு புகார் எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை. கைநாட்டுக்கு அடியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் வாயாலேயே வர வேண்டும், நாலு பேர் முன்னால் வர வேண்டும். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

வருடா வருடம் தேர்வாளராக வருகிறவர் குவாரிக்காரருடைய பெரிய வக்கீல். அவருடைய பழக்கம் கல்லூரிக்கே தெரியும். மாணவன் சாட்சியாக நின்று உளறினால் இரண்டு கேள்விக்கு மேல் தாங்க மாட்டார். அவரே கூண்டில் ஏறிவிடுவார்.

அதனால்தான் சாட்சியாக நிற்க வகுப்பிலேயே பெரிய தூங்குமூஞ்சியைப் பிடித்துப் போட்டிருந்தாள்.

அவன் முதல் கேள்விக்கே கொட்டாவி விட்டான்.

“எறங்குடா அங்கேருந்து. சாட்சின்னா எப்படி நிக்கணும்னு நான் காட்டுறேன்.”

பெரிய வக்கீல் ஏறினார். வாக்குமூலத்தை நீட்டினாள். பெயர்களையெல்லாம் மை பூசி மறைத்திருந்தாள். அடியில் இருந்த ஒரு கையெழுத்தை மட்டும் விட்டிருந்தாள்.

கண்ணாடியை ஏற்றிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. “அட, நம்ம கையெழுத்து! பொண்ணு நம்ம பழைய கேஸையே தோண்டி எடுத்திருக்கு பாரு.”

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார்.

“இந்தக் கைநாட்டு யார் வெச்சது சார்?”

“செத்தவன் பொண்டாட்டி. அதே குவாரில கல்லு சுமந்தவ. அழுத்தி வைம்மான்னு நான்தான் சொன்னேன்.”

“இது நடிப்புக்குச் சொல்றதா சார், நெசமாவா?”

“நடிப்பா? ரெண்டு கண்ணால பாத்தேன். எழுதிக்க!”

மூலையில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஜல்லி அடுத்த சாட்சியைக் கூப்பிட்டாள். கடைசி பெஞ்சிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். பெரிய வக்கீலுக்கு அவளைத் தெரியவில்லை. எப்படித் தெரியும், பார்த்திருந்தால்தானே.

ஜல்லி மைப்பெட்டியைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளை விரித்தாள்.

“அழுத்தி வைம்மா.”

அம்மா இடது கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். தாளில் கருப்பாக ஒரு வட்டம். அவ்வளவுதான். ஒரு கோடுகூட இல்லை. அப்பா சாவதற்கு முன்பே, கல் சுமந்து சுமந்து மொழுமொழுவென்று தேய்ந்துபோன விரல்.

“செத்தவர் பொண்டாட்டி இவங்கதான் சார்” என்று அதன் பக்கத்தில் வாக்குமூலத்தை வைத்தாள். அதில் இருந்த ரேகை வாரிவிட்ட தலைபோல வரிவரியாக இருந்தது. ஒரு வேலையும் தொடாத விரல்.

தூங்குமூஞ்சிகூட எழுந்து எட்டிப் பார்த்தான்.

பதில் தெரியாத கேள்வியை ஒரு சாட்சியிடம் கேட்காதே என்று ஐந்து வருடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது யாருடைய விரல் என்று அவளுக்கும் இதுவரை தெரியாது. இருந்தாலும் ஒன்றே ஒன்று கேட்டுப் பார்த்தாள்.

“சார், உங்க இடது கையைக் கொஞ்சம் நீட்டுறீங்களா?”

அவள் கேட்டு முடிப்பதற்குள் அந்தக் கை கோட்டுப் பைக்குள் போய்விட்டது.