பழசு!

பின்லாந்தின் குவோபியோ நகரத்தில் நான், இல்போ, தெல்லெர்வோ என நாங்கள் மூவர், ஒரு அரட்டைக் குழு. இணையத்தில் அகப்படும் விசித்திரச் செய்திகளைப் பகிர்வோம். ஏற்கெனவே வந்த லிங்கை யாராவது போட்டால் குழுவிலிருக்கும் ரோபோ "பழசு!" என்று மானத்தை வாங்கும், முதலில் போட்டவர் பெயரையும் சொல்லும்.

இன்று காலை இல்போ ஒரு லிங்க் போட்டான். அக்கார்டியன் இசைப்பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு உறைந்த ஏரிமேல் சைக்கிளில் போன பெண், பனி உடைந்து மூழ்கினாள்.

"டேய், இது நம்ம தெல்லெர்வோடா. நேத்து சாயங்காலமாம். இப்பதான் உடலை எடுத்தாங்க."

ரோபோ எழுதியது: "பழசு! முதலில் பகிர்ந்தவர் தெல்லெர்வோ, நான்கு ஆண்டுகளுக்கு முன்."

குழுவின் பழைய பதிவுகளில் தேடிப் பார்த்தேன். அதே செய்தி, அதே ஏரி.

"யாருப்பா இந்த லூசு?" என்று அதன் கீழே தெல்லெர்வோ கேட்டிருந்தாள்.

"வேற யாரு, நீதான்!" என்று எழுதியிருந்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருந்தோம். அவளும்தான்.